முக்கால் அங்குல பைப்



அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவரிடம் போய், "அண்ணே, முக்கால் அங்குல பைப்புல ஒரு துண்டு வேணும். அறுபது எம்.எம். நீளம். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும்" என்றேன்.

"எந்த மிஷினுக்கு?"

"சுண்டு விரலுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் அக்கா மகன் கிட்டார் வாசிக்கிறான். ப்ளூஸ் இசைப் பைத்தியம். அந்த வாசிப்பில் ஒரு வகை உண்டு. தந்தியை விரலால் அழுத்தாமல், விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே போவது. ஸ்லைடு என்பார்கள். பாட்டிலின் கழுத்தை உடைத்து, விளிம்பைத் தேய்த்து மாட்டிக்கொண்டதால் பாட்டில்நெக் என்றும் ஒரு பெயர். கடையில் கிடைக்கிறது. ஆனால் அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு ஒரு பைப் துண்டைக் காசு கொடுத்துத் தபாலில் வரவழைப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

இந்த வாசிப்பைப் பற்றிய பழைய சாட்சியம் ஒரு ரயில் நிலையத்திலிருந்துதான் வருகிறது. 1903 வாக்கில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சின்ன ஊர். டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசைக்குழுத் தலைவர், பல மணி நேரம் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து தூங்கிப்போனார். கண் விழித்தால் பக்கத்தில் கந்தல் உடையில் ஒரு கறுப்பின மனிதர், கிட்டார் தந்தியில் கத்தியை வைத்து இழுத்து வாசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் இடத்தைப் பற்றி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். இவ்வளவு விசித்திரமான இசையை அதுவரை கேட்டதில்லை என்று ஹாண்டி பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். வாசித்தவர் பெயரை அவர் எழுதவில்லை.

கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் வாய் எங்கே ஒத்துழைக்கிறது? ஒரு மார்கழியில், நான் பிரமித்துக் கேட்கும் வித்வான் ஒருவரை சபா வாசலில் நேருக்கு நேர் பார்த்தேன். பத்து வருஷமாக அவரிடம் கேட்க வைத்திருந்த சந்தேகமெல்லாம் மறந்துபோய், "எங்க அம்பத்தூர் பக்கமெல்லாம் கச்சேரிக்கு வர மாட்டீங்களா சார்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

1992 செப்டம்பரில் இரண்டு ஸ்லைடு வித்வான்களுக்கு நடந்த சந்திப்பு அப்படிப்பட்டதல்ல. கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா என்ற ஊரில் ஒரு தேவாலயம். ஒரு பக்கம் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட், ரவிசங்கரின் சீடர். கிட்டாரை மாற்றி அமைத்துத் தானே உருவாக்கிய மோகன வீணை அவர் மடியில். இன்னொரு பக்கம் ரை கூடர், ஸ்லைடு கிட்டாரில் பெரிய கை. இருவரும் நேரில் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒத்திகையும் கிடையாது. உட்கார்ந்தார்கள், வாசித்தார்கள். தபலாவில் சுக்விந்தர் சிங். கூடவே கூடரின் 14 வயது மகன் ஒரு சின்னக் கைக்கொட்டு வாத்தியத்தோடு. அந்தப் பதிவு "எ மீட்டிங் பை த ரிவர்" என்று 1993இல் வெளியாகி, மறு வருஷம் கிராமி விருது வாங்கியது.

இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்தவர். பெயர் கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். பழைய பாணி வால்வு கருவிகளும் டேப்பும் வைத்துக்கொண்டு, வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டவர். கிராமி என்றதும் பட்டின் பெயரைச் சொல்கிறோம். கவிச்சந்திரனை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே நிறுவனத்திலிருந்து 1995இல் "மும்தாஜ் மஹல்" என்று ஒரு தட்டு வந்தது. விருது வாங்கியதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இதில் பட்டோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர், தாஜ் மஹால் என்று பெயர் வைத்துக்கொண்ட அமெரிக்க ப்ளூஸ் பாடகர், கிட்டார் கலைஞர். காந்தியும் இந்தியாவும் கனவில் வந்ததால் அந்தப் பெயராம். அறுபதுகளில் ரை கூடரும் இவரும் ஒரே குழுவில் வாசித்தவர்கள். இன்னொருவர் சென்னையின் சித்திரவீணை ரவிகிரண்.

சித்திரவீணையை நம் வீட்டுப் பெரியவர்கள் கோட்டுவாத்தியம் என்பார்கள். வீணைக்கு மெட்டுகள் உண்டு, இதற்கு அவை கிடையாது. இருபத்தொரு தந்தி. கருங்காலிக் கட்டையையோ டெஃப்லான் துண்டையோ தந்திமேல் நகர்த்தி, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற வழியெல்லாம் போய்வரலாம். ரவிகிரணின் தாத்தா நாராயண ஐயங்கார் மைசூர் சமஸ்தானத்தில் இந்த வாத்தியம் வாசித்தவர். மிசிசிப்பியில் கத்தியும் பாட்டில் கழுத்தும் செய்ததை இங்கே ஒரு கட்டைத் துண்டு செய்துகொண்டிருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு ஊர் வித்வான்களை மேடையில் ஏற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டு ஃப்யூஷன் என்று பெயர் வைக்கிற சமாச்சாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் அது மரியாதைப் பரிமாற்றம், சால்வை போர்த்துகிற மாதிரி. இந்தத் தட்டு வேறு. ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவு செய்த ஒரு பழைய ப்ளூஸ் பாட்டு இதில் வருகிறது. ஜான்சன் தானே பாடி, தானே ஸ்லைடில் பதில் சொல்லிக்கொண்டது. இங்கே தாஜ் மஹால் பாடுகிறார், அந்தப் பதிலை நம் ஆட்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டைத்தான் அன்று பட்டறையில் போனில் போட்டேன். சக்கில் பைப் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் மிஷினை நிறுத்தினார்.

"பாடுறது வெள்ளைக்காரனா?"

"கறுப்பர். அமெரிக்கா."

"இழுக்கிறது?"

"நம்ம மெட்ராஸ்காரர்தான்" என்றேன். அடுத்த இழுப்பு வந்ததும் எனக்கே சந்தேகம். அது சித்திரவீணையா, பட்டின் மோகன வீணையா?

"நாயனத்துல இழுக்கிற மாதிரியே இருக்குப்பா" என்றார். பாட்டு முடிந்த பிறகுதான் மிஷினைப் போட்டார். வெளிப்பக்கம் கடைந்து, உள் விளிம்பில் பிசிறு எடுத்து, எம்ரி பேப்பர் போட்டுத் தன் சுண்டு விரலில் மாட்டிப் பார்த்தார். காசு வாங்கவில்லை.

மருமகன் இரண்டு நாள் வாசித்துவிட்டு, "மாமா, சத்தம் நல்லா இருக்கு. ஆனா வெயிட்டு ஜாஸ்தி, விரல் வலிக்குது. இன்னும் அரை எம்.எம். எடுத்துடச் சொல்லுங்க" என்றான்.

வருகிற சனிக்கிழமை போகவேண்டும். அந்தப் பாட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.