கைப்பேசிக் காலத்தில் கிறிஸ்தவப் பிள்ளை வளர்ப்பு

(வெள்ளிவிழாவின் பெற்றோர், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி என்பது நம் சமுதாயத்துக்குக் கேட்டவுடன் கிடைத்த பொருளன்று. 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலந்தொட்டு, வேதாகமமும் பள்ளிக்கூடமும் இந்நாட்டில் சேர்ந்தே நடந்து வந்தன. ஆயினும் அந்தப் பள்ளியின் வாசலிலும் சாதி நின்றது. அதைத் தாண்டித்தான் நம் முன்னோர் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. பின்னர் வந்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவிய நம்மைப் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளை ஒன்றின் படிப்பு பாதியில் நின்றால், அந்த இழப்பை ஈடுசெய்யும் வழிகள் நமக்கு மிகக் குறைவு. இதை மனத்தில் கொண்டே எனக்களித்த பொருளைப் பேச விரும்புகிறேன்.

கைப்பேசி நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது? பல வீடுகளில் அது பள்ளிக்கூடமாகவே வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள்! கூலி வேலை செய்யும் பெற்றோர் கடன்பட்டுக் கைப்பேசி வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தனர். பிறகு பள்ளி திறந்தது. கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சிலர் சொல்லுகின்றனர். அது ஆகாத காரியம். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வு முடிவை அறிவதும், கல்லூரியில் இடம் கேட்பதும் இன்று இணைய வழியே நடக்கின்றன. வசதியுள்ளோரின் பிள்ளைகள் அதைப் பயன்படுத்தி முன்னேற, நம் பிள்ளைகள் மட்டும் அதை அறியாதிருப்பது நமக்கு நாமே பூட்டிக்கொள்ளும் புதிய கதவாகும்.

ஆனால் அக்கருவியின் இயல்பை நாம் அறிந்திருக்க வேண்டும். இலவசமாகக் காட்டப்படும் காணொளிக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? விளம்பரம் செய்வோர் கொடுக்கிறார்கள். பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவுக்கு நிறுவனத்திற்கு வருமானம். எனவே ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாகவே ஓடுகிறது. எதன்மேல் கண் நின்றதோ அதையொத்தவையே மேன்மேலும் வந்து குவிகின்றன. சாதிப் பெருமை பேசும் காணொளி ஒன்றை ஒருவன் விரும்பிப் பார்த்தால் நாளைக்குப் பத்து வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் சமுதாய மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. சாதிவெறி கைப்பேசியில் பிறந்ததன்று. ஆயினும் அதற்குரிய தீனி இன்று அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

இந்நிலையில் பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் பதிக்க வேண்டியவை யாவை?

முதலாவது, மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்னும் நம்பிக்கை. இதை உண்மையாகவே கற்ற பிள்ளை, இணையத்தில் தன் பிறப்பை இழித்து எழுதப்பட்டதைக் கண்டு கூனிக் குறுகாது. பிறரை இழித்து எழுதவும் கை நீட்டாது.

இரண்டாவது, உண்மை. பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கட்டளை நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் உரியதன்று. மெய்யா பொய்யா என்று ஆராயாமல் ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்புகிறவனும் சாட்சி சொல்லுகிறவனே. இதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களாகிய நாமே அதிகம் தவறுகிறோம்.

மூன்றாவது, ஓய்வு. ஆறு நாள் உழைப்புக்குப் பின் ஒரு நாள் ஓய்வு என்பது அடிமைகளாயிருந்த மக்களுக்குக் கடவுள் அளித்த விடுதலை. அந்த ஓய்வைக் கைப்பேசி நம்மிடமிருந்து திருடிக்கொள்ள விடலாமா? உணவு வேளையிலும், குடும்ப ஜெபத்திலும், இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், தகப்பனாருடையது உட்பட, ஓரிடத்தில் வைக்கப்படட்டும்.

இவற்றிலெல்லாம் முக்கியமான ஒன்றை இனிச் சொல்லுகிறேன். பெற்றோர்களே, கவனித்துக் கேளுங்கள். ஒரு பெண்பிள்ளையின் புகைப்படத்தை எவனோ திருடி, மாற்றி, அதைக் காட்டி மிரட்டுகிறான். அவள் வீட்டில் சொல்ல அஞ்சுகிறாள். ஏன்? சொன்னால் அடி விழும், பள்ளி நின்றுவிடும், அவசரமாக ஒரு திருமணம் முடிக்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். குற்றம் செய்தவன் வெளியே திரிய, தண்டனை நம் மகளுக்கா? குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணைக் கல்லெறிய இழுத்து வந்தபோது, இயேசு பெருமான் முதலில் பேசியது அவளிடமன்று, அவளைக் குற்றஞ்சாட்டி நின்றவர்களிடமே. அவளைக் கைவிடாமல் காத்து, புதுவாழ்வுக்கு அனுப்பினார். அவரைப் பின்பற்றும் வீட்டில், "எது நடந்தாலும் வந்து சொல், உன் படிப்பை நிறுத்தமாட்டோம்" என்று பிள்ளைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டல் வந்தால் செய்தியை அழிக்காமல் வைத்து முறையிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930.

"எங்களுக்கு அக்கருவி தெரியாதே, எப்படிக் கண்காணிப்போம்?" என்று கேட்கிறீர்கள். நம் பாட்டிமார் பலருக்கு எழுத்தே தெரியாது. ஆயினும் மாலையில் விளக்கருகே பிள்ளையை உட்கார வைத்து, "உரக்கப் படி, நான் கேட்கிறேன்" என்றார்கள். தவறாகப் படித்தால் திருத்த அவர்களால் முடியவில்லை. ஆனால் அருகில் இருந்தார்கள். இளைஞனாகிய தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். நீங்களும் அருகில் உட்கார்ந்து, "இது என்ன? யார் அனுப்பினார்? ஏன் பார்க்கிறாய்?" என்று அன்போடு கேளுங்கள். பன்னிரண்டு வயது இயேசுவும் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேட்டார், கேள்விகளும் கேட்டார். கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்குவது கிறிஸ்தவ ஒழுக்கமாகாது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பட்டம் பெற்ற நீங்கள் வாரத்தில் ஒரு மாலையைச் சங்கக் கட்டடத்தில் செலவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கைப்பேசியில் பெற்றோர் கட்டுப்பாட்டை அமைக்கும் முறையைத் தாய்மாருக்குக் காட்டுங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லலாகாது என்பதை முதியோருக்கு விளக்குங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டது. எந்தப் பிள்ளையும், சிறப்பாக எந்தப் பெண்பிள்ளையும், இக்கருவியின் பொருட்டுப் பள்ளியைவிட்டு நிற்கவில்லை என்னும் நிலையை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் உண்டாக்குவோம்.

அதற்கு ஆண்டவர் நமக்குத் துணைநிற்பாராக.