ஜெயிச்ச கையைக் கீழே வெச்ச கதை: டெக்சாஸ் ஹோல்டம் முதல் பாடம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க, "ப்ரோ, போக்கர் ரூல்ஸ் சொல்லுங்க, படத்துல பார்த்தா ஒண்ணும் புரியல"ன்னு. சரி, இன்னைக்கு அதான். ஆனா முதல்ல நான் அசிங்கப்பட்ட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி டீம் அவுட்டிங், ஈசிஆர்ல ஒரு வீடு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒருத்தர் சீட்டுக்கட்டை எடுத்தார். காசு கிடையாது, ஆளுக்கு 50 வேர்க்கடலை. அதுதான் சிப்ஸ். எனக்கு ரம்மி மட்டும்தான் தெரியும். தாத்தா வீட்டுல கோடை லீவுல கத்துக்கிட்டது. "சீட்டுன்னா சீட்டுதானே"ன்னு உட்கார்ந்துட்டேன்.

ஆட்டம் இப்படித்தான். ஆளுக்கு 2 சீட்டு, மூடின மாதிரி. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நடுவுல 5 சீட்டு திறந்து வைப்பாங்க, அது எல்லாருக்கும் பொது. முதல்ல ஒரே நேரத்துல 3, அதுக்குப் பேரு ஃபிளாப். அப்புறம் ஒண்ணு, டர்ன். கடைசியா ஒண்ணு, ரிவர். உங்க 2, பொது 5, மொத்தம் 7 சீட்டுல எது சிறந்த 5 சீட்டோ அதுதான் உங்க கை.

பந்தயம் 4 சுற்று. உங்க 2 சீட்டைப் பார்த்ததும் ஒண்ணு, ஃபிளாப், டர்ன், ரிவர் ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒண்ணு. உங்க முறை வரும்போது, யாரும் இன்னும் கட்டலைன்னா "செக்" சொல்லி சும்மா விடலாம். கட்டியிருந்தா அதே அளவு கட்டணும், அது கால். ஏத்திக் கட்டினா ரெய்ஸ். வேண்டாம்னா சீட்டைக் கவுத்து விலகலாம், அது ஃபோல்டு.

"நல்ல சீட்டு வர்ற வரைக்கும் ஃபோல்டு பண்ணிக்கிட்டே இருந்தா?"ன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் பிளைண்டு. ஒவ்வொரு ஆட்டத்துலயும் டீலர் பட்டனுக்கு அடுத்த 2 பேர் சீட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடியே கட்டியாகணும். முதல் ஆள் பாதி, அடுத்தவர் முழுசு. பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஆள் நகரும். அதனால சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்க கடலை கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இப்போ என் கதை. என் கையில ஆட்டின் ஏஸ், ஆட்டின் 6. நடுவுல ஆட்டின் 9, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 10, ஆட்டின் 2, இஸ்பேட் 5. எனக்கு 5 ஆட்டின், ஃபிளஷ். எதிர்ல இருந்தவர் 30 கடலையைத் தள்ளினார். நான் நடுவுல இருந்த 9, 10, ஜாக்கியையே பார்த்தேன். "ஐயோ, சீக்வென்ஸ் வெச்சிருக்காரு"ன்னு ஃபோல்டு பண்ணிட்டேன். அவர் காட்டினார்: ராஜா, ராணி. நான் சொன்னது சரிதான், சீக்வென்ஸ். நானும் பெருமையா என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். மேஜையே சிரிச்சுது.

ரம்மியில சீக்வென்ஸ்தான் உயிர். போக்கர்ல ஃபிளஷ் அதுக்கு மேல. அந்த மேஜையில என்னை ஜெயிக்கிற கை யாருகிட்டயும் இருந்திருக்கவே முடியாது!

ரூமுக்குப் போய் கணக்கு போட்டேன், இஞ்சினியர் புத்தி. 52 சீட்டுல இருந்து 5 சீட்டு எடுக்க 25,98,960 வழி இருக்கு. அதுல சீக்வென்ஸ், அதாவது ஸ்ட்ரெயிட், 10,200. ஃபிளஷ் 5,108. ஃபுல் ஹவுஸ், மூணு ஒரே எண்ணு கூட ஒரு ஜோடி, 3,744. நாலும் ஒரே எண்ணு 624. எது அரிதோ அது பெருசு, அவ்ளோதான் லாஜிக். கீழ இருந்து வரிசை: தனிச்சீட்டு, ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி, மூணு ஒண்ணு, ஸ்ட்ரெயிட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ், நாலு ஒண்ணு, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ். அதுல 10ல இருந்து ஏஸ் வரைக்கும் வந்தா ராயல் ஃபிளஷ், மொத்தமே 4.

ரூல்ஸ் முடிஞ்சுது. இப்போ ஒரு விஷயம் சொல்லணும். இந்த எபிசோடு போடலாமா வேண்டாமான்னு யோசிச்சதே இதனாலதான்.

அந்த அவுட்டிங்குக்கு அப்புறம் என் ரூம் மேட்டுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுத்தேன். என்னை விட வேகமா கத்துக்கிட்டான். அப்புறம் ஒரு ஆப்ல காசு கட்டி ஆட ஆரம்பிச்சான். முதல் வாரம் ஜெயிச்சான், பிரியாணி வாங்கிக் கொடுத்தான். நாலு மாசத்துல 1,80,000 ரூபாய் போச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசு. வீட்டுல சொல்ல முடியாம ராத்திரி 2 மணிக்கு பால்கனியில உட்கார்ந்திருந்தான். "மச்சி, எனக்கு ரூல்ஸ் எல்லாம் தெரியும்டா, எப்படிடா தோத்தேன்?"னு கேட்டான்.

அவன் கணக்குல விட்டது ஒண்ணு, ரேக். காசு ஆட்டத்துல ஆட்டம் நடத்துறவங்க பாட்ல இருந்து ஒரு பங்கு எடுப்பாங்க. 5 சதவீதம்னு வைங்க. 6 பேர் ஆளுக்கு 1,000 கொண்டு வந்தா மேஜையில 6,000. ராத்திரி முழுக்க பாட்கள்ல 20,000 ரூபாய் சுத்தினா 1,000 அவங்களுக்கு. மிச்சம் 5,000. அதுக்குத்தான் ஆறு பேரும் அடிச்சுக்கணும். அந்த அஞ்சு பேருல யாரு நம்மளை விட கெட்டிக்காரன்னு ஆப்ல தெரியாது.

2017ல லிப்ராட்டஸ்னு ஒரு புரோகிராம், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல எழுதினது, ரெண்டு பேர் ஆடுற ஹோல்டம்ல 4 தொழில்முறை ஆட்டக்காரங்களை 1,20,000 ஆட்டத்துல தோற்கடிச்சுது. வாழ்க்கையையே இதுக்குக் கொடுத்தவங்களுக்கே அந்த கதி. வேலை முடிச்சு படுத்துக்கிட்டே ஆடுற நாம எம்மாத்திரம்?

2025 ஆகஸ்ட்ல காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ற சட்டம் பார்லிமென்ட்ல நிறைவேறிடுச்சு. என் நண்பன் அதுக்கு முன்னாடியே ஆப்பைத் தூக்கிட்டான். அப்பாகிட்ட அவன் சொன்ன அன்னைக்கு நானும் கூடப் போனேன். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. இந்தக் கதையைச் சொல்ல அவன்கிட்ட கேட்டுத்தான் சொல்றேன்.

ஆட்டம் அருமையான ஆட்டம், மக்களே. இந்த வீக்கெண்ட் நாலு பேரு சேர்ந்து ஆடிப் பாருங்க. வேர்க்கடலை வெச்சு ஆடுங்க. தோத்தா கடலை போகும், ஜெயிச்சா கொறிக்கலாம். யாராவது நெருங்கினவங்க ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்காம உட்கார்ந்திருந்தா, என்னடான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்க நாலு மாசம் ஆச்சு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். டாட்டா!