டம்ளர் மாறிப் போச்சு

நான் பெரியபட்டினத்துலேர்ந்து வர்றேன். ஊறிப்போன பழக்கத்தை ஒரு சிநேகம் மாத்திடுமானு எதிரணி அண்ணன் கேட்டார். எங்க பக்கத்து ராமேஸ்வரத்துல மாத்தியிருக்கு, ஐயா!

1999-ல் வெளியான சுயசரிதையில் அப்துல் கலாம் எழுதியிருக்கார். அவரோட அறிவியல் வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர், மாணவனைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டார். முஸ்லிம் பையனுக்கு என் அடுக்களையில் பரிமாற மாட்டேன்னுட்டாங்க அவர் மனைவி. ஐயர் சத்தம் போடல. தானே பரிமாறி, பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டார். அந்தம்மா கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தாங்க. கிளம்புறப்போ, அடுத்த வாரமும் வரணும்னார் ஐயர். அந்த வாரம் அடுக்களைக்குள்ளயே கூட்டிட்டுப் போய்ப் பரிமாறினது யாரு? அதே அம்மா! (கைதட்டல்)

கை தட்டாதீங்க, என் கதை வெட்கக்கேடு. மீன் கொண்டு வர்ற அக்காவுக்கு எங்க வீட்டுல தனி டம்ளர். திண்ணையில கவுத்து வெச்சிருப்போம். என் மக காய்ச்சல்ல கிடந்தப்போ ராத்திரி பூரா கண் முழிச்சது அந்த அக்காதான். விடிஞ்சதும் எங்க டம்ளர்லயே டீ கொடுத்தேன். அக்கா கை நீட்டல.

"டம்ளர் மாறிப் போச்சேம்மா?"

எனக்குப் பேச்சே வரல, ஐயா.