பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்
(கரும்புக்கடையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உக்கடம், கோட்டைமேடு, குனியமுத்தூர் வீடுகளுக்கு நல உதவிப் பணிக்காகச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. நன்னி தொழுகைக்கு நின்றால், இரண்டு வயதுப் பேத்தியும் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்கும். நன்னி சஜ்தா செய்தால் அதுவும் நெற்றியைத் தரையில் வைத்து, ஓரக்கண்ணால் நன்னியைப் பார்க்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இன்னொரு வீட்டில் மூன்று வயதுக் குழந்தை பொம்மையை உட்கார வைத்து, "சாப்பிடறியா, இல்லியா?" என்று கேட்டு அதன் கன்னத்தில் அடித்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அதன் தாயே தலைகுனிந்து, "நான் பண்றதுதானுங்க இது" என்றார்.

இரண்டு குழந்தைகளும் செய்தது ஒன்றையேதான். பார்த்ததைச் செய்தார்கள்.

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 72 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர், பிறகு அதே அடியை அடித்தார்கள். அதே சொற்களையும் சொன்னார்கள். 1988-ல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்பவர், பெரியவர் நெற்றியால் தொட்டு ஒரு விளக்கை எரிய வைப்பதை 14 மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெட்டியைக் கொடுத்தபோது, பெரும்பாலான குழந்தைகள் நெற்றியாலேயே தொட்டன. பேச்சு வராத பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம் நினைக்கக் கூடாது.

சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) தம் சிற்றன்னை மைமூனா (ரலி) வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் எழுந்து ஒளூச் செய்து தொழுவதைப் பார்த்து, அவர்களும் அப்படியே ஒளூச் செய்து இடப்பக்கம் நின்றார்கள். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை, பிடித்து வலப்பக்கம் நிறுத்திக்கொண்டார்கள். பார்த்துச் செய்யும் பிள்ளை தவறினால் திருத்தும் முறை இதுதான்.

"வா, ஒன்று தருகிறேன்" என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் கொடுக்காவிட்டால் அது பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். நாமோ, தவணை கேட்டு வருபவரிடம் "அத்தா வீட்ல இல்லை" என்று பிள்ளை வாயாலேயே சொல்ல வைக்கிறோம். பிறகு, பிள்ளை பொய் பேசுகிறது என்று மதரஸா ஆசிரியரிடம் முறையிடுகிறோம்!

எனவே சில வேண்டுகோள்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு கைபேசி, டிவி எதையும் காட்ட வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஆனால் நம் கையில் அது இருக்கும்வரை பிள்ளையும் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் நாமும் எடுத்து வைத்துவிடுவோம். பிள்ளை எதிரே மாத்திரை விழுங்காதீர்கள், அதை மிட்டாய் என்று சொல்லாதீர்கள்; எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கதவைத் திறந்ததும் ஸலாம் சொல்லுங்கள். அத்தாமார்களே, மனைவியிடம் குரல் உயரும்போது கதவோரம் நிற்பது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

நேற்றுவரை தவறியிருந்தாலும், பிள்ளை எதிரிலேயே "அம்மா கோபப்பட்டது தப்பு" என்று சொல்லுங்கள். தவறை ஒப்புக்கொள்வதையும் அது நம்மைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.