பர்மாவில் வேலை யாருக்கு?



பர்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் செட்டியார்களின் நிலமும் கடையும் போன கதைதான் முதலில் வருகிறது. மூட்டை தூக்கியவன் கதையை நாம் பேசுவோம்.

1962 மார்ச் 2-ம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். சோஷலிஸத்துக்குப் பர்மியப் பாதை என்று பிரகடனம் வெளியாயிற்று. 1963-ல் பாங்குகள், 1964-ல் கடைகள் சர்க்கார் வசமாயின. அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின.

தேசியமயம் என்றால் வரவேற்கிறவர்கள்தான் நாம். ஆனால் கடை சர்க்காருடையதான பிறகு, அதில் கணக்கெழுதிய குமாஸ்தா என்ன ஆனான்? மூட்டை சுமந்த கூலி என்ன ஆனான்? நிர்வாக நாற்காலியில் ராணுவ அதிகாரி வந்து உட்கார்ந்தார். தொழிலாளியிடமோ பிரஜா உரிமை கேட்கப்பட்டது. பலரிடம் இருந்தது அந்நியர் பதிவுச் சீட்டு ஒன்றே! செட்டியாருக்காவது ஊரில் வீடு இருந்தது. இவனுக்கு என்ன இருந்தது? லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். சிலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். வேறு சிலர் பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள்.

பர்மியனுக்கும் நியாயமான குறை இருந்தது. அதை நாம் மறைக்கக்கூடாது. விலை வீழ்ச்சியில் 1930-களில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார் கைக்குப் போயிற்று. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக் கம்பெனிகள் பர்மியர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கின. சமரசம் ஆனதும் அவர்களை விரட்டின. கலகம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கம்பெனிக்காரன் ஒருவனுக்கும் கீறல் விழவில்லை! அவன் மூட்டிய பகையை அணைக்க வேண்டிய சர்க்கார், அதைச் சட்டமாக்கியது.

1982 அக்டோபரில் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. 1823-க்கு முன்பே குடியேறிய இனத்தாரே பிறப்பால் முழுப் பிரஜைகள். ஆங்கிலேயன் முதல் யுத்தம் தொடுத்தது 1824-ல்! அவன் கப்பலில் வந்த கூலியின் வம்சத்தார் இணைப் பிரஜை அல்லது பதிவுப் பிரஜை ஆகலாம், சான்று காட்டினால். இத்தகையோரிடம் நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் பதவிகளை ஒப்படைக்க முடியாது என்று, அப்போது ஆளும் கட்சியின் தலைவராயிருந்த நே வின் பகிரங்கமாகவே சொன்னார். 1988-ல் அவர் விலகினார். சட்டம் விலகவில்லை.