விபத்து வழக்கும் காவல் நிலைய ஆவணங்களும்

சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி உரிய இழப்பீடு, காவல் நிலையத்தில் உள்ள சில தாள்களைப் பொறுத்தே அமைகிறது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன என்றும், அவற்றில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் வருமானம் நின்ற நாள் தொட்டுக் கடன் தொடங்கிவிடுகிறது. ஆவணம் கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அக்கடனுக்கு வட்டியாக ஏறுகிறது. நீதிமன்ற வளாகங்களில் தரகர்கள் பிழைப்பது இத்தாமதத்தினால்தான்.

‘போலீஸ் ரெக்கார்டு’ என்று பொதுமக்கள் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் பலவகைத் தாள்களின் தொகுப்பாகும். முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு, இறுதி அறிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. ‘விபத்து சம்பந்தமான சகல ஆவணங்களும் வேண்டும்’ என்று எழுதப்படும் மனு, மறுப்பதற்கு மிக எளிதான மனுவாகும். வழக்கு நாட்குறிப்பு போன்ற, தர இயலாத ஒரு தாளைக் காரணம் காட்டி, தரக்கூடிய ஐந்து தாள்களையும் சேர்த்து மறுத்துவிடலாம் அல்லவா?

முதல் தகவல் அறிக்கையைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. 1973ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், தகவல் கொடுத்தவருக்கு மட்டுமே இலவச நகல் பெறும் உரிமையை அளித்திருந்தது. சாலை விபத்தில் தகவல் கொடுப்பவர் பெரும்பாலும் வழிப்போக்கராகவோ காவலராகவோ இருப்பார். ஆகவே, கணவனை இழந்த பெண் அந்த விதியின்கீழ் உரிமையற்றவராக நின்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 173ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கும் அவ்வுரிமையை வழங்கியது. ‘பாதிக்கப்பட்டவர்’ என்னும் சொல் சட்டப்படியான வாரிசையும் உள்ளடக்கும் என அச்சட்டமே வரையறுக்கிறது. இதற்கு முன்னரே, 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுட்பமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும் என ஆணையிட்டது. தொலைத்தொடர்பு வசதி குறைந்த பகுதிகளுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு.

ஏனைய தாள்களுக்கு வழி, பலர் நினைப்பதுபோல் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. 2022இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளே அதற்குத் தொடக்கம். இவற்றின்படி, விபத்து நேர்ந்த 48 மணி நேரத்துக்குள் புலன் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவம் 10 நாட்களுக்குள் அவர்கள் கையில் சேரவேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாள், விரிவான விபத்து அறிக்கைக்கு 90 நாள் என்று வரம்பு உண்டு. வரைபடம், வாகன ஆய்வு அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை முதலியன அந்த விரிவான அறிக்கையுடன் இணைந்தே வருகின்றன. காவல்துறை அனுப்பும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கவேண்டும் என்பதும் சட்டம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை நாடெங்கும் செயல்படுத்தப் பணித்தது. எனவே நிலையத்தில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ‘இரண்டாம் படிவம் எங்கே?’ என்பதே.

இது கிடைக்காதபோதுதான் தகவல் உரிமைச் சட்டம் தேவைப்படுகிறது. அங்கே காலக்கணக்கைக் கூட்டிப் பார்த்தல் நன்று. பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள்; மறுத்தால் முதல் மேல்முறையீட்டில் முடிவுக்கு 30 முதல் 45 நாள். விண்ணப்பதாரர் ஒரு நாள்கூட வீணாக்காதபோதும் 75 நாட்கள் வரை செல்லலாம். அதன்பின் தகவல் ஆணையம் முடிவு செய்யக் காலவரம்பே இல்லை. இழப்பீட்டு மனுவுக்கோ 2022 ஏப்ரல் முதல் 6 மாத வரம்பு விதிக்கப்பட்டுள்ளது; அவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகியுள்ளன என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. ஆதலால் நிலையத்தில் மனுவும், தகவல் உரிமை விண்ணப்பமும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் வழக்கு எண், தேதி, காவல் நிலையம், வேண்டிய தாளின் பெயர் ஆகியவை போதும். காரணம் கூறவேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள உதவவேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய அரசின் விதிப்படி கட்டணம் 10 ரூபாய். காவல்துறை மாநிலப் பொருளாதலால் பிற இடங்களில் அந்தந்த மாநில விதி பொருந்தும். டில்லிக் காவல்துறை மத்திய உள்துறையின்கீழ் வருவதால் அங்கே இரண்டாம் மேல்முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்துக்குச் செல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் ஓட்டுநரைக் கைது செய்யவில்லை?’ என்பது போன்ற வினாக்களைத் தவிர்ப்பது நலம். அலுவலகத்தில் உள்ள தகவலைத் தருவதே கடமை, விளக்கம் உருவாக்கித் தருவதன்று என 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பொதுவாக வரும் பதில், ‘புலன் விசாரணையில் உள்ளது, 8(1)(எச்) பிரிவின்படி தர இயலாது’ என்னும் ஒற்றை வரி. பல அலுவலகங்களில் இதற்கென ரப்பர் முத்திரையே செய்து வைத்திருப்பார்களோ என்று ஐயுறத் தோன்றும். அப்பிரிவு விசாரணை நடப்பதைக் குறிப்பிடவில்லை. தகவல் தருவது விசாரணைக்குத் தடையாகும் என்பதையே குறிப்பிடுகிறது. எவ்வாறு தடையாகும் என்பதை அலுவலர் காட்டவேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. மோதிய லாரியின் ஆய்வு அறிக்கையை இறந்தவரின் மனைவி பார்ப்பதால் விசாரணை எவ்விதம் தடைப்படும்? மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு அலுவலரைச் சார்ந்தது என 19(5)ஆம் பிரிவும் கூறுகிறது.

அலுவலர் தரப்பிலும் நியாயமான தயக்கம் உண்டு. சாட்சியின் முகவரி வெளிப்பட்டால் அவருக்கு அச்சுறுத்தல் நேரலாம். தனிநபர் தகவல் பற்றிய விலக்கு, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் முன்னிலும் விரிந்துள்ளது. ஆயினும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2)ஆம் பிரிவு நீடிக்கிறது. பெயரையும் முகவரியையும் மறைத்து எஞ்சியதைத் தருவதற்கு 10ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாணவர்களைக் காட்டிலும் இந்த அவையில் உள்ள இளம் அதிகாரிகள் இப்பிரிவை மனத்திற்கொள்ள வேண்டும். முழு மறுப்புக்கும் முழு வெளியீட்டுக்கும் இடைப்பட்ட வழி அதுவே.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாத வழக்குகளில் தொகை வேறு, அலுவலகமும் வேறு. மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் உள்ளது. கோரிக்கை விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்ட வருவாய்க் கோட்ட அலுவலரிடமோ தாசில்தாரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வாகனம் அடையாளம் காணப்படாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றியும் அவ்வதிகாரியின் விவரத்தையும் குடும்பத்துக்கு எழுத்து மூலம் நிலைய அதிகாரி தெரிவிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஆணையிட்டது. அவ்வாறு தெரிவித்த கடிதத்தின் நகலும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணமே. அப்படியொரு கடிதம் எழுதப்படவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே இணைத்துக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுச் செய்யலாம்.