உத்தரவால் போன சாதி

(ராணுவத்தில் சேரத் தயாராகும் இளைஞர்களிடம் வத்தல்மலையில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே ஏழெட்டுப் பேர் ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று சொன்னார்கள். "உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள் அண்ணா" என்றார்கள். நான் 17 ஆண்டுகள் சிப்பாயாக இருந்தவன். மலைக்குக் கீழே, பெயரிலேயே 'காலனி' என்று இருக்கிற ஊரில் பிறந்தவன். அதனால் சாதியை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்கு வராது.

முதல் நாளே முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மக், ஒரு தட்டு, ஒரு நம்பர் கிடைக்கும். பயிற்சி தரும் ஹவில்தாரை 'உஸ்தாத்' என்று கூப்பிட வேண்டும். விடியுமுன் விசில். பிறகு பி.டி., டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மாலையில் விளையாட்டு. இரவு பாரக்கைத் துடைத்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுவிட்டுத்தான் படுக்கை. கட்டளை எல்லாம் இந்தியில். தமிழ் மட்டும் தெரிந்தவன் முதல் சில நாள் பக்கத்தில் நிற்பவனின் காலைப் பார்த்துத்தான் தன் காலை எடுத்து வைப்பான். ஒருவன் தவறினால் முழுக் கூட்டத்துக்கும் 'ரகடா'. அதாவது தரையில் உருள வேண்டும், தவளைபோல் தாவ வேண்டும், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மலை ஏறி இறங்கிப் பழகிய உங்களுக்கு ஓட்டம் பெரிதல்ல. புரியாத மொழியும் போதாத தூக்கமும்தான் ஆளை அழவைக்கும். பலர் ராத்திரி போர்வைக்குள் அழுவார்கள். அது கோழைத்தனம் இல்லை.

இந்தக் களைப்பில் முதல் மூன்று வாரம் யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. நான்காவது வாரம் ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. பாரக் வாசலில் நின்று முகவரியைச் சத்தமாகப் படித்துக் கொடுப்பார்கள். என் முகவரியில் 'காலனி' இருந்தது. நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் அன்று இரவே கட்டிலை நகர்த்திப் போட்டார்கள். அதுவரை என் மக்கில் தேநீர் குடித்தவன் தன் மக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வடநாட்டு உஸ்தாதுக்கு 'காலனி' என்றால் என்னவென்று தெரியாது. யாரோ சொல்லிப் புரிந்துகொண்டார். மறுநாள் எல்லோருக்கும் ரகடா. முடிந்ததும் ஒரே மக்கில் தண்ணீர் கொண்டுவந்து முப்பது பேரையும் வாய் வைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இதை நன்றாக யோசியுங்கள். ஆயிரம் ஆண்டு வழக்கம், ரத்தத்தில் ஊறியது, உடனே மாறாது என்றெல்லாம் சொல்கிறார்களே, அது ஒரு ஹவில்தாரின் உத்தரவில் ஐந்து நிமிடத்தில் மாறியது. மாற்ற முடியாது என்பது பொய்.

ஆனால் ஏன் குடிக்கச் சொன்னார், தீண்டாமை ஏன் தவறு என்று எவரும் விளக்கவில்லை. உத்தரவு மட்டும்தான் இருந்தது. முதல் விடுப்பில் அதே பையனும் நானும் ரயிலில் ஒரே பொட்டலத்தில் சோறு தின்றோம். மொரப்பூரில் இறங்கி ஊர்ப் பேருந்து ஏறியதும் அவன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே அவனுக்கு உத்தரவு போட வேறு ஆட்கள் இருந்தார்கள்.

உத்தரவால் போன சாதி இன்னொரு உத்தரவால் திரும்பி வரும். வரலாறும் அதைத்தான் சொல்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1891-இல் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளித் தலைமையாசிரியர். பள்ளி வாசலே மறுக்கப்பட்ட மக்களுக்கு அன்றைய ராணுவம் எழுத்தறிவு கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அரசு மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதியவர்களில் ஒருவர் முன்னாள் சிப்பாய் கோபால் பாபா வலங்கர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மகர் படைப்பிரிவு அமைத்தார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். மகர் ரெஜிமெண்ட் மறுபடி வந்தது 1941-இல், அடுத்த போரின்போது. இத்தனைக்கும் மகர்களின் உடம்போ வீரமோ மாறவில்லை. மேலே இருந்தவர்களின் தேவைதான் மாறியது.

இன்றும் குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டும் எடுக்கிறார்கள் என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2022-இல் அக்னிவீரர் தேர்வுக்குச் சாதிச் சான்றிதழ் எதற்கு என்று கேள்வி எழுந்தபோது, அது பழைய நடைமுறைதான் என்றார் பாதுகாப்பு அமைச்சர். சான்றிதழ் கேட்கிறார்கள், ஆனால் சிப்பாய்த் தேர்வில் எஸ்.சி., எஸ்.டி. இட ஒதுக்கீடு கிடையாது.

உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. நான்கு ஆண்டு முடிந்ததும் 100-க்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். நான்கில் மூன்று பேர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் இந்தச் சமூகத்துக்கே திரும்பி வருவீர்கள். கீழ்ப்படிதலை மட்டும் கற்றுக்கொண்டு வந்தால், ஊரில் யார் அதட்டினாலும் அதற்கும் கீழ்ப்படிவீர்கள்.

சீருடை என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்தவர்கள் அரசு ஊழியர்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். அவர்களிலும் சீருடை போட்டுப் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011-இல் நீதிமன்றம் சொன்னது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை வாங்கியது அந்த மக்களின் விடாப்பிடி. பயிற்சி மனிதனை நல்லவனாக்கிவிடாது.

ராணுவத்துக்குப் போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. சாமையும் காப்பியும் மிளகும் தரும் வருமானம் போதாத வீட்டுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. போங்கள். போகுமுன் இந்திக் கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வார அழுகை மிச்சமாகும். முகவரியையும் சாதியையும் மறைக்காதீர்கள். மறைத்தவன் ஒவ்வொரு நாளும் பயந்து சாவான்.

பயிற்சி முடிவில் 'கசம் பரேடு' நடக்கும். அங்கே நீங்கள் விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்வது இந்திய அரசியல் சட்டத்துக்கு. அதன் 33-ஆவது பிரிவு படைவீரர்களின் உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. இரண்டையும் எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அந்தப் புத்தகம் தமிழில் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போய் உறுதி சொல்லுங்கள்.